பள்ளிக்கூடத்திலிருந்து போர்க்களத்துக்கு

தாதரில் பிளாசா சினிமாவுக்கு எதிரே ஒரு பூங்கா இருக்கிறது. வீர் கோத்வால் உத்யான் என்று பெயர். மாட்டுங்கா, தாராவி வாழ் தமிழர்களில் அந்த இடத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கோத்வால் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. ஏதோ ஒரு பழைய அரசியல்வாதி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம்.

அவர் நம் பக்கத்து ஊர்க்காரர். அம்பர்நாத்திலிருந்து கர்ஜத் போகும் லோக்கலில் ஏறினால் பத்லாபூர், வாங்கணி, ஷேலு தாண்டி நேரல் வரும். அங்கே இறங்கி மலையேறினால் மாத்தேரான். அந்த மாத்தேரானில் பிறந்தவர்தான் பாயி கோத்வால். சுதந்திரப் போராட்டத்தில் இவர் நடத்திய படையில் இருந்தவர்கள் யார் தெரியுமா? விவசாயிகளும், கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார்களும்!

பள்ளிக்கூடம் என்றால் நமக்கு மார்க், ரேங்க், டியூஷன்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இந்த நாட்டிலும் வெளிநாடுகளிலும் சில பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் நேராகப் போர்க்களத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதில் நாம் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வியையும் வாசகர்கள் முன் வைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைமேல் பிறந்த வக்கீல்

விட்டல் லட்சுமண் கோத்வால் 1912 டிசம்பர் 1 அன்று மாத்தேரானில் ஓர் ஏழை நாவிதர் குடும்பத்தில் பிறந்தார். 'பாயி' என்பது மக்கள் அன்போடு கொடுத்த பட்டம். சகோதரன் என்று பொருள். மாத்தேரான் அன்று வெள்ளைக்காரர்களும் பம்பாய்ப் பணக்காரர்களும் கோடையைக் கழிக்க வரும் இடம். 1907-லேயே அவர்களுக்காக நேரலிலிருந்து மலை ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மலைக்குக் கீழே இருந்த கிராமங்களிலோ வறுமை. கடன், பட்டினி, எழுத்தறிவின்மை மூன்றும் கைகோத்து நின்ற காலம் அது.

அந்தச் சூழ்நிலையில் பிறந்த பிள்ளை படித்து வக்கீலானார். பம்பாய்க் கோர்ட்டில் நாலு காசு சம்பாதித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ தன் மக்களிடம் திரும்பி வந்தார். மாத்தேரான் நகராட்சித் தேர்தலில் நின்று துணைத் தலைவரானார். விவசாயிகள் வட்டிக்காரனிடம் போகாமல் இருக்கத் தானிய வங்கி ஏற்படுத்தினார். விளைச்சல் காலத்தில் சேமித்து, இல்லாத காலத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இவற்றோடு கர்ஜத் தாலுகாவின் உள்ளடங்கிய கிராமங்களில் தன்னார்வப் பள்ளிகளையும் தொடங்கினார். சர்க்கார் எட்டிப் பார்க்காத ஊர்களில் தொண்டு மனப்பான்மையுள்ள இளைஞர்கள் வாத்தியார்களானார்கள்.

இந்தப் பள்ளிகள்தான் நம் கதைக்கு முக்கியம். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா டாங்க் மைதானத்தில் காங்கிரஸ் கமிட்டி 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் அனைவரும் கைது. நாடு கொதித்தது. ஆகஸ்ட் 11-இல் பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றப் போன ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் மகாராஷ்டிரத்திலேயே நந்துர்பாரில் செப்டம்பர் 9 அன்று ஊர்வலம் போன பள்ளி மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் சிரீஷ்குமார் மேத்தா என்ற பதினைந்து வயதுப் பையனும் அவனுடைய தோழர்கள் நால்வரும் பலியானார்கள்.

கோத்வால் தலைமறைவானார். அவருக்குப் பின்னால் சுமார் ஐம்பது பேர் திரண்டார்கள். தானிய வங்கியில் நெல் போட்ட விவசாயிகளும், அவர் தொடங்கிய பள்ளிகளில் பாடம் சொன்ன ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். 'ஆசாத் தஸ்தா' என்று அந்தப் படைக்குப் பெயர். விடுதலைப் படை என்று சொல்லலாம்.

மின்கோபுரத்தை ஏன் சாய்த்தார்கள்?

இந்தப் படை போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கவில்லை, கஜானாவையும் கொள்ளையடிக்கவில்லை. பம்பாய்க்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரங்களைக் குறி வைத்தது. உயர் அழுத்த மின்கம்பிகளைப் பராமரிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க எனக்கு ஆசை.

அன்று பம்பாய்க்கு மின்சாரம் வந்தது சகியாத்ரி மலைகளிலிருந்துதான். டாட்டா நிறுவனத்தின் கோபோலி நீர்மின் நிலையம் 1915-லும், பீவ்புரி நிலையம் 1922-லும் இயங்கத் தொடங்கின. மழைநீரை மலைமேல் தேக்கிக் குழாய் வழியே கீழே விட்டுச் சக்கரம் சுற்றி எடுத்த மின்சாரம், காடு மேடெல்லாம் கடந்து பம்பாய் மில்களுக்குப் போயிற்று. 1925-இல் பம்பாயில் மின்சார ரயில் வந்த பிறகு ரயிலுக்கும் மின்சாரம் வேண்டியதாயிற்று. ஆக, மில் ஓட வேண்டுமானாலும் ரயில் ஓட வேண்டுமானாலும் கர்ஜத் பக்கத்துக் காடுகளில் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் விழாமல் நிற்க வேண்டும்.

ஒரு கோபுரம் சாய்ந்தால் என்ன ஆகும்? அது தாங்கிய கம்பிகள் தரையில் விழும். பாதுகாப்புக் கருவி உடனே அந்தப் பாதை முழுவதையும் நிறுத்திவிடும். ஒரு கோபுரம்தான் விழுந்தது, மற்றவை நிற்கின்றனவே என்று சமாதானம் சொல்ல முடியாது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது போலத்தான். புதுக் கோபுரம் எழுப்ப இரும்பு, ஆட்கள், தூக்கும் சாதனங்கள் எல்லாம் காட்டுக்குள் போக வேண்டும். சாலை வசதியில்லாத அந்த நாளில் அது எத்தனை சிரமம் என்று, மழைக்காலத்தில் அந்தக் காட்டுக்குள் போய் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் வேறு. பம்பாயின் ஆலைகள் யுத்தத்துக்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன.

1942 செப்டம்பர் முதல் நவம்பர் வரை கோத்வாலின் ஆட்கள் பதினொரு கோபுரங்களைச் சாய்த்தார்கள். தொழிற்சாலைகளும் ரயில்களும் ஸ்தம்பித்தன. ஐம்பது பேர் கொண்ட ஒரு குழுவால் இது எப்படி முடிந்தது? அவர்களுக்குக் காடு தெரியும், ஊர் தெரியும். எந்தக் குடிசையில் ஒரு ராத்திரி தங்கலாம், எந்த ஓடையைக் கடக்கலாம் என்று தெரியும். வாத்தியார் கேட்டால் சோறு போடாத வீடு அந்தக் கிராமங்களில் இல்லை.

சித்தகட் காட்டில்

கோத்வாலைப் பிடித்துக் கொடுப்பவருக்கு 2500 ரூபாய் பரிசு என்று சர்க்கார் அறிவித்தது. அந்த நாளில் அது பெரிய தொகை. ஹால் என்ற வெள்ளைக்கார போலீஸ் அதிகாரியை இதற்கென்றே நியமித்தார்கள். ஏழைகள் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு ஜமீன்தார்தான் தகவல் கொடுத்தார்.

முர்பாட் தாலுகாவில் பீமாசங்கர் மலைத் தொடரை ஒட்டிய சித்தகட் காட்டில் தங்கியிருந்த குழுவை 1943 ஜனவரி 2 அன்று போலீஸ் சுற்றி வளைத்துச் சுட்டது. பாயி கோத்வாலும் அவருடைய தோழர் ஹிராஜி பாட்டீலும் அங்கேயே உயிர் துறந்தார்கள். கோத்வாலுக்கு அப்போது வயது முப்பது.

ஒவ்வொரு ஜனவரி 2-ஆம் தேதியும் சித்தகட்டில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு மராட்டி ஆசிரியை இருந்தார். வருஷா வருஷம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே போவார். அவர் சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் நிற்கிறது: "வாத்தியார்கள் என்றால் சாக்பீஸ் பிடிப்பவர்கள் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று காட்டத்தான் அழைத்துப் போகிறேன்."

சிட்டகாங்கின் மாஸ்டர்தா

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஆயுதம் ஏந்திய வரலாற்றில் இந்தியாவில் மிகப் பெரிய நிகழ்ச்சி வங்காளத்துச் சிட்டகாங்கில் நடந்தது. அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது.

சூர்யா சென் 1894-இல் பிறந்தவர். 1918-இல் பி.ஏ. முடித்துவிட்டுச் சிட்டகாங்கில் தேசியப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். எல்லோரும் அவரை 'மாஸ்டர்தா' என்றுதான் அழைத்தார்கள். 'தா' என்றால் வங்காளியில் அண்ணன். நம் பக்கத்தில் சொன்னால் 'வாத்தியார் அண்ணன்'. ஒல்லியான, அமைதியான மனிதர். பார்த்தால் படைத்தலைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவர் ஆட்களைச் சேர்த்த இடங்கள் பள்ளி, கல்லூரி, உடற்பயிற்சிக் கழகம். கணேஷ் கோஷ், லோகநாத் பால், அனந்த சிங், அம்பிகா சக்கரவர்த்தி போன்ற தோழர்களுடன் அவர் உருவாக்கிய அமைப்புக்கு 'இந்தியக் குடியரசுப் படை' என்று பெயர் வைத்தார்கள். அயர்லாந்தின் குடியரசுப் படையைப் பார்த்து வைத்த பெயர் அது.

1930 ஏப்ரல் 18. கிறிஸ்தவர்களின் புனித வெள்ளி. அன்று இரவு சுமார் 65 பேர் பல குழுக்களாகப் பிரிந்து புறப்பட்டார்கள். ஒரு குழு போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. இன்னொரு குழு துணைப்படையின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. வேறொரு குழு தந்தி, தொலைபேசி நிலையத்தை நாசமாக்கியது. ரயில் பாதையையும் துண்டித்தார்கள். சிட்டகாங் வெளி உலகத்திலிருந்து அறுபட்டது. போலீஸ் கிடங்கின் முன் கொடியேற்றி, படையின் மரியாதையை ஏற்றுக்கொண்டு, தற்காலிகப் புரட்சி அரசு ஏற்பட்டுவிட்டதாகப் பள்ளி ஆசிரியரான சூர்யா சென் அறிவித்தார்!

திட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான தோட்டாக்கள் வேறிடத்தில் இருந்ததால் கிடைக்கவில்லை. புனித வெள்ளி என்பதால் ஐரோப்பியர் கிளப்பிலும் ஆட்கள் இல்லை. எனவே விடிவதற்கு முன் நகரை விட்டு மலைக்காட்டுக்குள் போனார்கள்.

நான்கு நாள் பசியும் தாகமுமாக அலைந்தபின் ஏப்ரல் 22 அன்று ஜலாலாபாத் குன்றில் ராணுவம் அவர்களைச் சுற்றி வளைத்தது. ஒரு பக்கம் இயந்திரத் துப்பாக்கிகள். மறுபக்கம் பரீட்சை எழுத வேண்டிய வயதுப் பிள்ளைகள். அந்தி வரை சண்டை நடந்தது. இளைஞர்களில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். போருக்குத் தலைமை தாங்கிய லோகநாத் பாலின் தம்பி ஹரிகோபால் அவர்களில் ஒருவன். செல்லப் பெயர் டெக்ரா. கண்ணெதிரே தம்பி விழுந்த பிறகும் அண்ணன் போரை நிறுத்தவில்லை.

அந்தப் படையில் இளையவர் சுபோத் ராய். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. நம் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சுபோத் ராய் அந்தமான் செல்லுலார் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1940-இல் விடுதலையாகி, 2006 வரை வாழ்ந்தார். 1932 மார்ச் 1-இல் வந்த தீர்ப்பில் பன்னிரண்டு பேருக்கு ஆயுள் தண்டனையாக நாடு கடத்தல் விதிக்கப்பட்டது.

சூர்யா சென் மூன்று ஆண்டுகள் பிடிபடவில்லை. கிராமத்து மக்கள் வீட்டுக்கு வீடு மறைத்து வைத்தார்கள். 1933 பிப்ரவரியில், இங்கே போலவே அங்கேயும் ஒருவர் காட்டிக் கொடுக்க, கைதானார். 1934 ஜனவரி 12 அன்று தாரகேஸ்வர் தஸ்திதாருடன் சிட்டகாங் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு 39 வயது. இக்கதையை 2010-இல் ஆசுதோஷ் கோவாரிகர் இந்தியில் திரைப்படமாக எடுத்தார். அபிஷேக் பச்சன் சூர்யா சென்னாக நடித்தார். நம் பிள்ளைகளில் சிலர் பார்த்திருக்கலாம்.

தலைமை ஆசிரியை பிரீதிலதா

சிட்டகாங்கில் டாக்டர் காஸ்தகீர் பெண்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை ஜான்சி ராணியின் கதையை மாணவிகளுக்குச் சொல்வாராம். அந்தப் பள்ளியில் படித்த இருவர் பிற்காலத்தில் சூர்யா சென்னின் படையில் சேர்ந்தார்கள். ஒருவர் பிரீதிலதா வாதேதார், மற்றவர் கல்பனா தத்தா. ஒரு கதை எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்!

பிரீதிலதா 1911-இல் பிறந்தவர். டாக்காவிலும் பிறகு கல்கத்தா பெத்தூன் கல்லூரியிலும் படித்துத் தத்துவத்தில் சிறப்பாகத் தேறினார். ஆனால் வெள்ளை அரசு பட்டத்தைக் கொடுக்கவில்லை. ஊர் திரும்பி நந்தன்கானன் அபர்ணாசரண் பள்ளியில் தலைமை ஆசிரியையானார். பகலில் பள்ளி; மற்ற நேரத்தில் புரட்சிப் பணி.

1932 செப்டம்பரில் பஹாட்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கும் பொறுப்பை மாஸ்டர்தா இவரிடம் ஒப்படைத்தார். ஒரு வாரத்துக்கு முன் ஆண் உடையில் இடத்தை நோட்டம் பார்க்கப் போன கல்பனா தத்தா பிடிபட்டுவிட்டார். ஆனாலும் தாக்குதல் நடந்தது. கிளப்பில் ஒரு பெண்மணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். காயமுற்ற பிரீதிலதா, போலீசிடம் சிக்காமலிருக்க சயனைடு உட்கொண்டு உயிர் விட்டார். வயது இருபத்தொன்று.

கல்பனா ஜாமீனில் வெளிவந்து தலைமறைவாகி, 1933 மே மாதம் மறுபடி கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, 1939-இல் விடுதலையானார். பிறகு தம் அனுபவங்களை நூலாக எழுதினார். 1995 வரை வாழ்ந்தார். நிறுத்தி வைக்கப்பட்ட பிரீதிலதாவின் பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 2012-இல்தான் வழங்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லாமல் போய் எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அயர்லாந்தின் ஒரு பள்ளி

சிட்டகாங் இளைஞர்கள் முன்மாதிரியாகக் கொண்ட அயர்லாந்துக் கதையும் ஒரு பள்ளிக்கூடத்தோடு தொடர்புடையதுதான். பாட்ரிக் பியர்ஸ் என்பவர் 1908-இல் டப்ளினில் செயின்ட் எண்டா என்ற பள்ளியைத் தொடங்கினார். ஆங்கிலத்தோடு ஐரிஷ் மொழியிலும் பாடம் நடந்தது. அன்றைய கல்வி முறை பிள்ளைகளின் மனதைக் கொல்லும் இயந்திரம் என்பது அவருடைய கருத்து. தாய்மொழி, நாட்டுக் கதைகள், நாடகம், தோட்டவேலை, விளையாட்டு எல்லாம் அந்தப் பள்ளியில் இடம் பெற்றன.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை டப்ளினில் புரட்சி வெடித்தது. பியர்ஸ்தான் குடியரசுப் பிரகடனத்தைப் படித்தவர். அவருடைய பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் மெக்டோனா, ஓவியம் கற்பித்த தம்பி வில்லி பியர்ஸ், உடற்பயிற்சி கற்பித்த கான் கோல்பர்ட், முன்னாள் மாணவர் பலர் எல்லோரும் களத்தில் இருந்தார்கள். ஆறே நாளில் புரட்சி அடக்கப்பட்டது. பியர்ஸும் மெக்டோனாவும் மே 3, வில்லி மே 4, கோல்பர்ட் மே 8 என்று ஒருவர் பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே பள்ளியின் நான்கு ஆசிரியர்கள்! பிறகும் குடும்பத்தார் அந்தப் பள்ளியை 1935 வரை நடத்தினார்கள். இன்று அந்தக் கட்டடம் ஓர் அருங்காட்சியகம்.

சிட்டகாங்கில் ஈஸ்டர் வாரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்பது இப்போது விளங்கும்.

மலாயாவில் நம் பெண்கள்

"எல்லாம் சரி, நம்மவர்கள் யாராவது உண்டா?" என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். சென்னையில் படித்து டாக்டரான லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். ஜான்சி ராணிப் படை என்று பெயர். அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். இந்தியாவையே பார்த்திராத அவர்கள் இந்தியாவுக்காகத் துப்பாக்கி பிடித்தார்கள்.

அவர்களில் ஈப்போவைச் சேர்ந்த பதினாறு வயது மாணவி ஒருவர் இருந்தார். பெயர் ராசம்மா. அக்காள் பொன்னம்மாவும் கூடவே சேர்ந்தார். படை பர்மா வரை போயிற்று. 1945-இல் ஜப்பான் தோற்றுப் பின்வாங்கிய சமயத்தில் இப்படைப் பெண்கள் குண்டுவீச்சுக்கு நடுவே காட்டு வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது.

வீடு திரும்பிய ராசம்மா விட்ட படிப்பைத் தொடர்ந்து ஆசிரியையானார். திருமணத்துக்குப் பின் ராசம்மா பூபாலன் என்று அறியப்பட்டார். 1960-இல் ஆசிரியைகளுக்கான சங்கத்தை உருவாக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று போராடினார். பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக விளங்கினார். பிரீதிலதா பள்ளியிலிருந்து போர்க்களத்துக்குப் போனார். ராசம்மா போர்க்களத்திலிருந்து பள்ளிக்கு வந்தார். அவர் கற்பித்த பிள்ளைகளுக்கு ஒரு நாட்டைக் கட்டி எழுப்பும் வேலை காத்திருந்தது.

ஏன் பள்ளிக்கூடம்?

இத்தனை இடங்களில் இத்தனை ஆசிரியர்கள் முன்னால் நின்றதற்குக் காரணம் என்ன? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, நம்பிக்கை. கிராமத்தில் வாத்தியாருக்கு எல்லா வீட்டிலும் உள்ளே வர உரிமை உண்டு. ஜாதி பார்க்கிற ஊரிலும் அவர் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். கோத்வாலுக்கும் சூர்யா சென்னுக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது அதனால்தான்.

இரண்டாவது, செய்தி. பேப்பர் படிக்கத் தெரிந்தவர் வாத்தியார் ஒருவர்தான் என்ற ஊர்கள் ஏராளம். டப்ளினில் நடந்தது சிட்டகாங்குக்கும், பம்பாயில் நடந்தது கர்ஜத் காட்டுக்கும் போய்ச் சேர்ந்தது படித்தவர்கள் மூலமாகத்தான்.

மூன்றாவது, ஒழுங்கு. நேரத்துக்கு வருவது, சொன்னதைச் செய்வது, ரகசியம் காப்பது, பக்கத்தில் இருப்பவனை விட்டுக்கொடுக்காமல் இருப்பது இவையெல்லாம் பள்ளியில் பழகியவை. படைக்கும் அவைதான் அடிப்படை.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

இனி நான் முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் நம்பி அனுப்பிய பதினான்கு வயதுப் பிள்ளையை ஓர் ஆசிரியர் போருக்கு அழைத்துப் போகலாமா?

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தட்டிவிட முடியாது. டெக்ராவின் தாயாரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வீரம் என்று நாம் கைதட்டும் இடத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போயிருக்கும். அடிமை நாட்டில் பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்ததா என்றும் கேட்கலாம். நந்துர்பார் சிரீஷ்குமார் கையில் துப்பாக்கி இல்லை, கொடிதான் இருந்தது. ஆனாலும் குண்டு அவனைத் தேடி வந்தது.

என்னைப் பொறுத்தவரை ஓர் அளவுகோல் உண்டு. இந்த ஆசிரியர்களில் யாரும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருக்கவில்லை. சூர்யா சென் தூக்குமேடை ஏறினார், பியர்ஸ் துப்பாக்கிக்கு முன் நின்றார், கோத்வால் காட்டில் விழுந்தார். மாணவனிடம் கேட்டதைவிட அதிகமாகத் தாம் கொடுத்தார்கள். ஆகவேதான் மக்கள் அவர்களை மறக்கவில்லை. ஆனாலும் பதினான்கு வயதில் உயிர் கொடுக்க வேண்டிய நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது என்றே நான் சொல்வேன். சுதந்திரம் வாங்கியதன் பயனே அதுதான். நம் பிள்ளைகள் பயமில்லாமல் பரீட்சை எழுதுவது அவர்கள் கொடுத்த விலையால்தான்.

பிழைப்புக்காக இந்த மண்ணுக்கு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு வ.உ.சி.யையும் திருப்பூர் குமரனையும் சொல்லிக் கொடுக்கிறோம், மிகவும் நல்லது. கூடவே நாம் உப்புத் தின்னும் இந்தத் தாலுகாக்களின் தியாகிகளையும் சொல்லிக் கொடுத்தால், மராட்டிப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதுவும் தங்கள் ஊர் என்ற எண்ணம் வேரூன்றும்.

எனவே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை, வருகிற ஜனவரி 2 அன்று சித்தகட்டுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்யலாம். மலைப் பாதை என்பதால் பெரியவர்கள் நாலு பேர் கூட வர வேண்டும். விடியற்காலையில் வேன் வைத்துக்கொண்டு புறப்பட்டால் முர்பாட் வழியாகப் போகலாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் போதும். கோத்வாலைப் பற்றி ஒரு பிள்ளை தமிழிலும் ஒரு பிள்ளை மராட்டியிலும் ஐந்து நிமிடம் பேசட்டும். வர விரும்பும் பெற்றோர் டிசம்பர் முதல் வாரத்துக்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் உதவியாக இருக்கும்.